வாடிக்கை வீடு

நாகர்கோவிலுக்குக் குடிவந்த கொஞ்ச நாளிலேயே ஷிபாவுக்குக் காலனி முழுக்கத் தோழிகள். சனிக்கிழமையானால் அவள் வீட்டில்தான் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும்.

"ஏட்டி ஷிபா, இப்பிடிக் கறி வைக்க எங்கட்டி படிச்ச?" கை கழுவ மனமில்லாமல் விரலைச் சப்பிக்கொண்டே கேட்டாள் இந்துஜா.

"எல்லாம் யூடியூப் பாத்துத்தான்."

வாசலில் மீன்காரியின் குரல் கேட்டது. அபிதா மூக்கைப் பொத்தினாள்.

"உள்ள விட்டுராத. கடப்புறத்து ஆளுவ வந்துட்டுப் போனா நாலு நாளைக்கு வாடை போவாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஷிபாவும் சிரித்துவிட்டு, சட்டியோடு கேட்டுக்குப் போனாள்.

மீன்காரி கூடையை இறக்கி, இருப்பதிலேயே பெரிய விளமீனைத் தேடி எடுத்துச் சட்டியில் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பேரன் முழிச்சிருக்கானா மக்கா? வாசல்ல நின்னே ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"இன்னைக்கு வேண்டாம்மா. அவளுவ எல்லாரும் இருக்காளுவ."

அம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். நாலடி நடந்தவள் திரும்பி, உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டாள்:

"அடுத்த சனிக்கிழமையும் கொண்டு வரட்டா, மேடம்?"