லேஸ் அவிழ்ந்துடுச்சு

"இருங்க, லேஸ் அவிழ்ந்துடுச்சு." மலையேறும் காட்டுப்பாதையில் மனைவி மறுபடியும் ஷூவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"மறுபடியுமா? கூட வந்தவங்க எல்லாம் மேல போயாச்சு. உன்னால நாமதான் கடைசி." கணவர் அலுத்துக்கொண்டே பாறையில் சாய்ந்து கண்ணை மூடினார்.

உச்சிக்குப் போனதும் குழுவினரிடம் சொன்னார்: "தனியா வந்திருந்தா எப்பவோ ஏறியிருப்பேன். இவளுக்கு ஒரு லேஸை ஒழுங்காக் கட்டத் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அவர் படமெடுக்க நகர்ந்ததும், வழிகாட்டிப் பெண் அவள் காலைக் கவனித்தாள். "அக்கா, உங்க ஷூவுல லேஸே இல்லையே?"

"மெதுவாப் பேசும்மா. மூச்சு வாங்குதுன்னு அவர் வாயால சொல்ல மாட்டார். இறங்கும்போதும் இது நாலஞ்சு தடவை அவிழணும்."