ஆ காட்டு

"நாலு வயசுக் கொழந்தைக்கு வீடியோ கேமா? ஆசை உங்களுக்கு, சாக்கு அவளா?" கடை என்றும் பாராமல் கணவனிடம் கத்தினாள் சுகந்தி.

சேதுராமன் கையிலிருந்த கேம் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "நீ மட்டும் அவ கையில போனைக் குடுக்கலாமா?"

"அது சோறு ஊட்ட! ஒரு வாயாவது நீங்க ஊட்டியிருக்கீங்களா?"

சண்டையை நிறுத்த நினைத்த விற்பனையாளர், "பாப்பாவே பாத்துச் சொல்லட்டும் மேடம்" என்று சுவரில் இருந்த பெரிய திரையைப் போட்டுவிட்டார்.

மகள் ஆதிரை திரும்பினாள். கண்கள் திரையில் ஒட்டிக்கொண்டன. 'ஆ காட்டு' என்று யாரும் சொல்லவில்லை; வாய் தானாகத் திறந்தது. திறந்தபடியே இருந்தது. கடையே பார்த்தது.

"வாய மூடுடி!" சுகந்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஆதிரை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னும் அகலமாகத் திறந்தாள்.