பெரியப்பா போட்ட ஓட்டை

இது நான் நேரில் பார்த்ததில்லை. வேல்விழியோடு கல்லூரியில் படித்த தேவா சொன்னது. அவன் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவன். அதனால் குறைத்தே எழுதுகிறேன்.

மேலகரத்தில் சாரல் பிடித்திருந்த ஒரு புதன்கிழமை. மணி ஒன்பதரை. வேல்விழி பின்னறையில் லேப்டாப்பைக் குப்புறப் போட்டு அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு இன்டர்வியூ. கடைசிச் சுற்று. முந்தின இரண்டு சுற்றிலும் வைஃபை அறுந்து அறுந்து வந்தது. இன்னொரு தடவை அறுந்தால் அவ்வளவுதான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். போனிலும் பேசக் கூடாது, லேப்டாப்தான்.

தென்காசி ரிப்பேர் கடையில் மூன்று நாள் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் போனில் வீடியோ பார்த்து அவளே திறந்துவிட்டாள். பேட்டரி ஒயரை முதலில் பிடுங்கினாள். வைஃபை கார்டு தீப்பெட்டியில் பாதிகூட இல்லை. அதில் மாட்டியிருந்த, சிக்னலை இழுக்கும் கறுப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் கடுகளவு முனையோடு இருந்தன.

வெள்ளையை மெல்லத் தூக்கினாள். சுவர் அதிர்ந்தது.

ட்ரில்லிங் மெஷின். கை உதறியதில் ஒயரின் முனை தனியாக வந்துவிட்டது.

"யம்மா!"

வீட்டு முன்பக்கம் வைத்திருந்த மாவு மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த ரெங்கம்மாள் சிவந்த கையோடு ஓடி வந்தாள்.

அந்தச் சுவர் எழும்பி நாலு வருஷம். ஒரே வீடாக இருந்ததைப் பிரித்த சுவர். அந்தப் பக்கம் பெரியப்பா இசக்கிப்பாண்டி, இந்தப் பக்கம் இவர்கள். இரண்டு பக்கமும் பேச்சு கிடையாது. பேசியே ஆகவேண்டும் என்றால் சாடையாக, ஆடு மாடு எதையாவது பார்த்துப் பேசுவார்கள்.

"பாத்தியாட்டி? புது டிவி மாட்டுதாரு போல. ஒனக்கு இன்டர்வியூன்னு தெரிஞ்சேதான் பண்ணுதாரு."

"அவருக்கு எப்படிம்மா தெரியும்?"

"மூணு நாளா 'கேன் யூ ஹியர் மீ சார், கேன் யூ ஹியர் மீ சார்'னு கத்துதியே. குத்தாலம் அருவியில குளிக்கவனுக்கே கேட்டிருக்கும்."

ரெங்கம்மாள் சுவரை ஓங்கித் தட்டினாள். "ஏ சுவரே! படிச்ச புள்ள பொழப்புல ஓட்ட போடுதியே, நீ வெளங்குவியா?"

ட்ரில் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பெரியப்பா தன் நாயிடம் பேசினார்.

"ஏலே மணி, சத்தம் பத்தரைக்கு நின்னுரும். அதுவரைக்கும் காதப் பொத்திக்கிட்டுக் கெட."

"திமிரப் பாரு" என்றாள் ரெங்கம்மாள்.

வேல்விழிக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குரலை இவ்வளவு பக்கத்தில் கேட்டு எத்தனை நாளாயிற்று! கவுன்சிலிங்குக்குச் சென்னை போன அன்று மழை. அவளுடைய சர்டிபிகேட் ஃபைலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்து நின்றவர் அவர். 'இன்னைக்குக் கடைசி ரவுண்டு பெரியப்பா' என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சாடையாகச் சொல்லலாம் என்றால் இவளிடம் ஒரு நாயும் இல்லை.

"நீ மில்லுல வந்து உக்காரு. வைஃபை பெட்டி அங்கனதான இருக்கு."

"மொளகா நெடியில கேள்விக்கு ஒரு தும்மல்தாம்மா வரும்."

"மில்ல நிப்பாட்டுதேன்."

"மில்லு நிக்கும், நெடி நிக்குமா?"

கார்டின் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினாள். கறுப்பு ஒயரை 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்தினாள். முனை போன வெள்ளை ஒயரை டேப் சுற்றி ஒட்டினாள். பேட்டரி ஒயரை மாட்டி, மூடி, முடுக்கி, ஆன் செய்தாள்.

வைஃபையில் ஒரு கோடுகூட வரவில்லை.

மணி பத்து பத்து. மறுபடியும் எட்டு ஸ்குரூ. மறுபடியும் கார்டு, ரப்பர், டேப். கண்ணில் நீர் முட்டி ஸ்குரூவின் தலை தெரியவில்லை. சொன்னபடி பத்தரைக்குச் சத்தம் நின்றது. பத்து நாற்பதுக்கு இன்னொரு தடவை ஆன் செய்தாள்.

முழுக் கோடு. ஒன்றுகூடக் குறையவில்லை.

"யம்மா! புல்லு! சிக்னல் புல்லு!"

"எம்மவ இன்ஜினியருலா!" ரெங்கம்மாள் அதைச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நாற்பது நிமிடப் பேச்சில் ஒரு நொடிகூட அறுபடவில்லை. வெள்ளிக்கிழமை வேலை உறுதியாயிற்று. ரெங்கம்மாள் தெரு முழுக்க அல்வா கொடுத்தாள், ஒரு வீட்டைத் தவிர.

அன்று சாயங்காலம் வேல்விழி பின்னறையில் தனியாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"வேலை கெடச்சிருச்சு."



தேவா சொன்னது இவ்வளவுதான். "அவ கை ராசியான கைலே" என்று முடித்தான்.

ஒரு ஒயர் போன கார்டு, முன்பக்க மில்லிலிருந்து முழு சிக்னலை எப்படி இழுத்தது? அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் மேலகரம் போனபோது இசக்கிப்பாண்டி வீட்டுக்குப் போனேன். அவர் மகள் அபி எனக்குப் பழக்கம்.

அந்தச் சுவரில் டிவி எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் தலை எட்டுகிற உயரத்தில், சுவரோடு சுவராக அவர்களுடைய வைஃபை பெட்டி முடுக்கியிருந்தது.

அபியிடம் பாஸ்வேர்டு கேட்டேன். சுவர் எழும்புவதற்கு முன்னால், தன் லேப்டாப்பை வாங்கிய புதிதில் வேல்விழி வைத்ததுதானாம். நாலு வருஷமாக அதை மாற்ற அப்பா விடவில்லையாம்.