இருநூறு மில்லி

சிறுநீரகம் பழுதாகிப்போன பூனை புட்டு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதை அதன் கிண்ணமே அளந்து மருத்துவமனைக்குச் சொல்லிவிடும். தொடர்ந்து மூன்று நாள் குறைந்தால் வெள்ளை வண்டி வரும். அதில் ஏறிய எந்தப் பூனையும் வீடு திரும்பியதில்லை.

இன்று மூன்றாம் நாள். ஜெசிந்தா விடிந்ததிலிருந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். புட்டு கிண்ணத்தின் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட இல்லை. கணவன் அமலன் குளிக்கப் போன நேரம் பார்த்து, கிண்ணத்திலிருந்து நூறு மில்லி மொண்டு பூந்தொட்டியில் ஊற்றினாள்.

உடனே கிண்ணம் பேசியது. "புட்டு இன்று இருநூறு மில்லி குடித்துள்ளது. உடல் தேறிவிட்டதால் தினமும் போடும் சலைன் ஊசி நிறுத்தப்படுகிறது."

"இருநூறா? நான் நூறுதானே ஊத்தினேன்!"

ஈரத் தலையோடு அமலன் வந்து நின்றான். "நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடியே நானும் நூறு ஊத்திட்டேன், ஜெசி."

சுவரில் இருந்த சலைன் பெட்டி டக்கென்று பூட்டிக்கொண்டது. தினமும் அது திறக்கும்போதும் இதே சத்தம்தான். அதைக் கேட்டதும் புட்டு மெல்ல எழுந்து வந்து, பெட்டிக்குக் கீழே, ஊசிக்காகக் கழுத்தைத் தாழ்த்தி உட்கார்ந்தது.