கேட்டதற்கு மட்டும் பதில்

“பாய், லிஃப்ட் ஆபீஸர் வந்துட்டாரு. கழுத்துல அட்டை, தோள்ல பெரிய பை. கேட்லயே நிக்க வச்சிருக்கேன்.”

வாட்ச்மேன் ஜான் பாஷா போனில் சொன்னதும் வக்கார் அகமது முகத்துச் சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போன வாரம்தான் பக்கத்துத் தெரு அடுக்குமாடியில் அதிகாரி ஒருவர் வந்து லிஃப்டுக்குச் சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அங்கே இப்போது கேஸ் சிலிண்டர் தோளில்தான் ஏறுகிறது.

இங்கே லிஃப்ட் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாது. நாலாவது மாடியைத் தாண்டும்போது தலைக்கு மேலே எதுவோ ‘டொம்’ என்று இடிக்கும். வெள்ளிக்கிழமை ஆறாவது மாடி எப்சி நடுவில் மாட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு நிறைமாதம்.

லிஃப்ட் கம்பெனிக்கு வக்கார் தினமும் போன் போடுகிறார். “நாளைக்கு ஆள் வரும் சார்” என்பார்கள். அதற்குள் இந்த ஆள் சீல் வைத்துவிட்டால், எப்சி ஆறு மாடி இறங்கித்தான் பிரசவத்துக்குப் போக வேண்டும்.

வக்கார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஆம்பூரிலேயே பெரிய ஷூ கம்பெனியில் மேனேஜர். ஷூ வாங்கும் வெளிநாட்டு கம்பெனி ஆடிட்டரை அனுப்பும் நாளில் யார் எங்கே நிற்பது, யார் என்ன சொல்வது என்று சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அவர் வந்த பிறகு எந்த ஆடிட்டிலும் கம்பெனி தோற்றதில்லை.

அந்த நேரம் அவரவர் வீட்டில் இருந்த மூன்று பேரைக் கூப்பிட்டு லிஃப்ட் வாசலில் நிறுத்தினார். எப்சி, கட்டிங் சூப்பர்வைசர் ஷாஹித், ரிட்டயரான வாத்தியார் நத்தானியேல்.

“கேட்டதுக்கு மட்டும் பதில். நாமளா வாயத் தொறக்கக் கூடாது. நீங்க யாரு, எங்கருந்து வர்றீங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க. நமக்கு பயம்னு புரிஞ்சிக்குவாங்க.”

“பாய், இது ஷூ இல்ல, லிஃப்டு” என்றார் நத்தானியேல்.

“ஆடிட்னா எல்லாம் ஒண்ணுதான் சார். நாலாவது மாடில நீங்க இருமணும்.”

“எனக்கு இருமல் இல்லியே.”

“கிளாஸ்ல பசங்கள மெரட்ட இருமுவீங்கல்ல? அது போதும்.”

ஷாஹித்துக்குக் கதவு. ஓரமாக நின்று யாருக்கும் தெரியாமல் குதிகாலால் தள்ளிச் சாத்த வேண்டும்.

வந்தவர் ஒல்லியாக, அமைதியாக இருந்தார். நாலு பேர் வரிசையாக நின்று வணக்கம் சொன்னதில் கொஞ்சம் மிரண்டார்.

“இங்கருந்து கம்ப்ளெய்ண்ட் வந்திருக்குன்னு சொன்னாங்க சார்.”

எவனோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறான் என்று வக்காருக்குப் புரிந்தது.

“வயித்தெரிச்சல் புடிச்சவன் எவனாவது போட்டிருப்பான் சார். எங்க லிஃப்ட் தங்கம்.”

ஷாஹித் குதிகாலால் கதவைத் தள்ளினான். லிஃப்ட் ஏறியது. நத்தானியேல் மூன்றாவது மாடியிலேயே பயத்தில் இரும ஆரம்பித்து, நாலாவதில் இருமலை ‘டொம்’முக்குச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

வந்தவர் மேலே பார்த்தார். “என்னமோ இடிக்குதே?”

“அவரு நெஞ்சு சார். ஆஸ்துமா.”

நத்தானியேல் முறைத்தார். மறுபடியும் இருமினார்.

“மொட்டமாடில மோட்டார் ரூமைப் பாக்கணும் சார்.”

“சாவி வச்சிருக்கவரு பேர்ணாம்பட்டு போய்ட்டாரு. கல்யாணம்.”

ஆறாவது மாடியில் இறங்கியதும் வந்தவர் எப்சியிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. எதனா தொந்தரவு இருக்கா?”

எப்சி வயிற்றில் கை வைத்தாள். வெள்ளிக்கிழமை இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஆறு மாடிப் படிகளும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தன.

“ஒண்ணுமில்ல சார். தூளில ஆட்ற மாதிரி போவுது.”

“அப்போ சரி” என்றார் வந்தவர். அவருக்கு ஏதோ வருத்தம் போலத் தெரிந்தது.

ஆடிட்டரைப் பட்டினியாக அனுப்புவது வக்காரின் பழக்கமில்லை. “இன்னும் நாலு எடம் போவணும் சார்” என்றவரை இழுத்துப்போய்த் தன் வீட்டில் உட்கார வைத்தார். மனைவி ஜஹீதா பிரியாணி போட்டாள். வேண்டாம் வேண்டாம் என்றவர், இரண்டாவது தட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்து, பையைத் திறக்காமலேயே கிளம்பினார். சீல் வைக்கும் சாமானெல்லாம் வந்த வழியே போகிறது என்று வக்கார் நினைத்துக்கொண்டார்.

கேட் சாத்தியதும் ஷாஹித் கை தட்டினான். “பாய், ஆபீஸர் பையக்கூட தொறக்கலியே!” நத்தானியேலுக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை.

“அதான் ட்ரெய்னிங்” என்றார் வக்கார்.

எப்சி நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். “எல்லாம் சரி பாய். இப்பவாவது அந்த மெக்கானிக்க வரச் சொல்லுங்க. இன்னிக்கே வலி வந்துச்சின்னா நான் இன்னா பண்றது?”

வக்கார் ஜெயித்த தெம்பில் இருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு லிஃப்ட் கம்பெனியைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, ஒரே பேஜாரா போச்சி உங்களோட. நெறமாசப் பொண்ணு இருக்குதுன்னு எத்தினி வாட்டி சொல்றது? ஒரு மெக்கானிக்க அனுப்ப மனசே வராதா உங்களுக்கு?”

அந்தப் பக்கம் பெண் குரல் கொஞ்சம் தயங்கியது.

“மெக்கானிக் உங்க வீட்ல சாப்ட்டுட்டு இப்பதான் சார் போன் பண்ணாரு, லிஃப்டுல ஒரு கொறையும் இல்லியாம், பிரியாணிலதான் காரம் ஜாஸ்தியாம்.”