ஒன்பதால் வகுபடும்

நெய்வேலி பதினெட்டாம் பிளாக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த நாலாம் நாளே பொற்கொடியின் காதுக்கு விருந்து கிடைத்தது.

பக்கத்து வீட்டில் தமயந்தி, “123456789 பகா எண்தாங்க. எதாலயும் வகுபடாது” என்றாள்.

“மக்கு! கூட்டிப் பாருடி... நாப்பத்தஞ்சு... ஒம்பதால வகுபடும்!” என்று கத்தினார், கணக்கு வாத்தியாராக ரிட்டயர் ஆன அவள் கணவர்.

அடுத்து அழுகைச் சத்தம். பொற்கொடி உறைமோர் கேட்கும் சாக்கில் கிண்ணத்தோடு ஓடினாள்.

“ஒரு நம்பருக்காக இந்தத் திட்டா? சும்மா விடாதீங்கக்கா!”

தமயந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவரு பக்கவாதம் வந்து எட்டு மாசமா வாயே தொறக்கலைம்மா. கணக்கைத் தப்பாச் சொன்னா அவருக்குப் பொறுக்காதுன்னு தெனமும் தப்பாச் சொல்லிக்கினே இருந்தேன். இன்னிக்குத்தான் சாமி கண்ணைத் தொறந்துச்சு!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இரும்மா, இன்னும் ரெண்டு திட்டு வாங்கிட்டு வந்துடறேன்” என்று உள்ளே திரும்பினாள். “ஏங்க, ஒண்ணு பகா எண்தானே?”