விசிலடிக்கிற மாதிரி ஒரு மூச்சு

வார்டின் ஜன்னலோரக் கட்டிலருகே நான்கு பேர் இருக்கிறார்கள்: மூச்சு முட்டித் தவிக்கும் தம்பி, அவர் மனைவி, நர்ஸ், கட்டிலின் கால்மாட்டில் முதுகு வளையாமல் நிற்கும் அண்ணன். காலை வெயில் படும் ஆக்சிஜன் குடுவையில் தண்ணீர் குமிழியிடுகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் தம்பியின் கழுத்துக்குழி உள்வாங்குகிறது. மூச்சின் வேகம் இறங்கி வராவிட்டால் தொண்டையில் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "நம்ம வீட்டு ஆம்பளை மாதிரி நிமிர்ந்து உட்காருடா," என்கிறார் அண்ணன். "குனியட்டும் ஐயா, அப்பத்தான் மூச்சு லேசா வரும்," என்று நர்ஸ் மேசைமேல் தலையணை வைத்து, தம்பியின் முழங்கைகளை அதில் ஊன்ற வைக்கிறாள். "மூக்கால இழுங்க. விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க." "எங்க குடும்பத்துல எவனும் விசிலடிச்சதில்லம்மா," என்கிறார் அண்ணன். "அப்போ கல்யாணத்துக்கு முந்தி எங்க வீட்டு வாசல்ல அடிச்சது யாராம் மாமா?" என்கிறாள் தம்பி மனைவி, கணவரைக் கண்ணால் காட்டி. தம்பிக்குச் சிரிப்பு வருகிறது. அது நீண்ட மூச்சாக வெளியேறுகிறது. நர்ஸ் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். அவள் கண்களோ தம்பிக்குத் தெரியாமல் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுகின்றன. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் மெல்ல ஏறுகிறது. "இப்படியே போனா குழாய் வேண்டியிருக்காது," என்கிறாள். உயிர் என்பது இப்படிக் கண்ணெதிரே வந்து போகிற ஒன்றா என்று அண்ணன் இமைக்காமல் பார்க்கிறார்.

அன்று அண்ணனுக்கும் மூச்சுத் திணறியது என்று உறவுக்குள் ஒரு பேச்சு. அது பொய். தம்பியோடு சேர்ந்து அவரும் உதட்டைக் குவித்து ஊதினார், அவ்வளவுதான்.